கல் இருக்கிறது, கயிறு பிடிக்க ஆள்? மூச்சடக்கிச் சுழியோடும் செற் ஒன்றின் மதிப்பீடு

பெட்டிக்குள் ஐந்து சாமான். இரட்டைக் கண்ணாடி வைத்த சிறிய முகமூடி, மூச்சுக்குழாய், நீளமான கால்துடுப்பு ஒரு சோடி, நாலு ஒருகிலோ ஈயக்கட்டி கோத்த றப்பர் இடுப்புப்பட்டி, பத்து மீற்றர் கயிறு கட்டிய செம்மஞ்சள் மிதவை. இணையக் கடைகளில் இது பல பெயர்களில் வருகிறது. வார்ப்பு ஒன்றுதான், மேலே அடிக்கிற எழுத்துத்தான் வேறு. ஆகவே பெயரை விட்டுவிட்டுச் சாமானைப் பார்ப்போம். முல்லைத்தீவுப் பக்கம் சிலாவத்தை, அளம்பில் கரைகளுக்கும் மன்னார்ப் பக்கம் அரிப்பு, சிலாவத்துறைக் கரைகளுக்கும் இது எவ்வளவு பொருந்தும் என்பதை வைத்தே இந்த மதிப்பீடு.

சிலிண்டர் இல்லாமல் ஒரே மூச்சில் இறங்கி ஏற விரும்புகிறவர்களுக்கான செற் இது. சங்கு, கடலட்டை எடுக்கிற தொழிலுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும், படகு வேண்டும். அது வேறு வேலை. இதை வாங்குகிறவர்களில் பலர் கடலடியிலிருந்து எதையும் எடுத்துவரப் போவதில்லை. கொஞ்ச நேரம் சத்தமில்லாத ஓரிடத்தில் இருந்துவிட்டு வரத்தான் போகிறார்கள். அந்த நோக்கத்தை நாங்கள் முழுதாக மதிக்கிறோம். அதனால்தான் சாமானைக் கடுமையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தமிழில் முத்து எடுக்கப் போவதை 'முத்துக் குளித்தல்' என்றே சொல்லிவந்திருக்கிறோம். போனவர் குளியாள். கிணற்றடியில் வாளியால் அள்ளி ஊற்றுவதற்கும் ஆறேழு பாகத்துக்கு (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி) மூச்சடக்கி இறங்குவதற்கும் ஒரே சொல். இது சொல் பஞ்சத்தால் வந்ததல்ல என்றே படுகிறது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குச் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்துவந்து, அந்த உப்புநீரிலேயே விளக்கேற்றும் வழக்கம் உள்ள மண் இது. ஆடி அமாவாசைக்குக் கடலில் மூழ்கி எழுகிறவர்களுக்கு, மூழ்குவது எதற்கென்று யாரும் விளக்கத் தேவையில்லை. ஆகவே ஒரு மூச்சில் இறங்குவதை மேல்நாட்டிலிருந்து வந்த புதுப் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். கற்றுக்கொள்ளும் முறை புதிது. செயல் எங்கள் கரைக்குப் பழசு.

பழைய முறையில் இரண்டு கயிறு இருந்தது. ஒன்றில் கல், மற்றதில் கூடை. குளியாள் கல்லின் வளையத்தில் காலை வைப்பார், கயிறு விடப்படும், கல் அவரை அடிக்குக் கொண்டுபோகும். அடி தொட்டதும் காலை எடுத்துவிடுவார், கல் மேலே இழுக்கப்படும். சிப்பியைக் கூடையில் வாரி, மூச்சு முடியும் நேரம் கயிற்றைச் சுண்டினால் மேலே நிற்பவர் இழுப்பார். கயிறு பிடிக்க மனைவியின் சகோதரனைத்தான் நிறுத்துவார்கள், தன் சகோதரி தாலி இழக்க அவன் விடமாட்டான் என்று முத்துக்குளிக்கும் கரைகளில் சொல்வார்கள். படகில் மந்திரம் ஓதிச் சுறாவைக் கட்டும் கடல்கட்டிகளும் இருந்தார்கள். வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதிவைத்த குறிப்புகளில், கடல்கட்டி இல்லாமல் குளியாட்கள் இறங்க மறுத்தது பதிவாகியிருக்கிறது. 1798 முதல் 1805 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த பிரெடரிக் நோர்த் அரிப்பில் கட்டிய மாளிகையை இன்று கடல் அரித்துக்கொண்டிருக்கிறது. அதன் எதிரே கடலுக்குள் கிடக்கும் பெரியபார், செவல்பார் என்ற சிப்பிப் படுகைகள்தான் அந்தக் குளிப்பு நடந்த இடங்கள்.

இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு பெட்டியை மறுபடி பாருங்கள். கல் இருக்கிறது, நாலு கிலோ ஈயமாக. கூடை வேண்டாம். கயிறு பேருக்கு இருக்கிறது. கயிறு பிடிப்பவர் இல்லை. இந்தச் செற்றின் குறை நிறை எல்லாம் அந்த ஒரு இடத்தைச் சுற்றித்தான் நிற்கிறது.

முதலில் ஈயப்பட்டி, ஏனென்றால் உயிர் தங்கியிருப்பது இதில். பழைய குளியாள் கனமாக இறங்கி, கல்லை விட்டுவிட்டு, இலேசாக ஏறினார். பட்டி கட்டியவர் இறக்கிய கனத்தை ஏறும்போதும் சுமக்கிறார். அதனால் பட்டிக் கணக்கு கல்லுக் கணக்கைவிட மிகச் சிறியதாக இருக்க வேண்டும். பெட்டியில் நாலு கட்டி இருப்பதால் நாலையும் கட்டுவதே முதல் பிழை. உடுப்புக்கு மேல் உடுப்புப் போட்டுக் குளிர்கடலில் இறங்குகிறவர்களுக்கு அது தேவைப்படலாம். எங்கள் வெதுவெதுப்பான தண்ணீரில் வெறும் காற்சட்டையோடு இறங்கும் மெலிந்த ஆளுக்கு ஒரு கட்டி காணும். சிலருக்கு ஒன்றுமே வேண்டாம். சதைப்பிடிப்பான உடம்புக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று.

குளத்தில் நீந்திப் பழகியவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். முத்தையன்கட்டிலோ கட்டுக்கரையிலோ சரியாக இருந்த மிதப்பு கடலில் சரியாக இருக்காது. கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டரை பங்கு கனம். அறுபது கிலோ ஆளைக் கடல் ஒன்றரைக் கிலோ கூடுதலாகத் தூக்கும். குளத்தில் கட்டாமலே மூழ்குகிறவர் கடலில் மூழ்கக் கஷ்டப்பட்டுக் கட்டிமேல் கட்டி சேர்ப்பது இதனால்தான். மூழ்க முடியாததற்குக் காரணம் பெரும்பாலும் கனக்குறைவே அல்ல, தலைகீழாகத் திரும்பத் தெரியாததுதான். இடுப்பை மடக்கிக் கால் இரண்டையும் தண்ணீருக்கு மேலே நேராக நிறுத்தினால் அந்தக் கால்களின் பாரமே முதல் ஒன்றரைப் பாகத்துக்கு அழுத்திவிடும்.

சோதிக்கும் விதம் இது. பட்டியைக் கட்டி, தரையில் கால் ஊன்றாமல் மிதந்து, சாதாரணமாக மூச்சை வெளியே விட்டு, கை கால் அசைக்காமல் நிற்க வேண்டும். தண்ணீர் கண் மட்டத்தில் நின்றால் சரி. தலை முழுதும் தாழ்ந்தால் ஒரு கட்டியைக் கழற்றுங்கள். இந்தச் சோதனைக்குக் காரணம் உண்டு. முழு மூச்சு ஆறு லீற்றர் என்றால், பத்து மீற்றரில், அதாவது ஐந்தரைப் பாகத்தில், அது மூன்று லீற்றராகச் சுருங்கும். மூன்று கிலோ மிதப்பு காணாமல் போகும். அதற்குக் கீழே காலடிக்காமலே உடம்பு தானாக இறங்கத் தொடங்கும்.

இந்த இறக்கத்தைத்தான் பலர் தேடி வருகிறார்கள். கை அசைவதில்லை, கால் அசைவதில்லை, காதுக்குள் தன் இதயம் மெல்ல அடிப்பது கேட்கிறது. முகம் தண்ணீரில் பட்டு மூச்சும் நின்றால் இதயத்துடிப்பு குறையும். கைகால் இரத்தம் உள்ளே ஒதுங்கும். மனிதருக்கும் கடற்பாலூட்டிகளுக்கும் பொதுவான உடல்விதி இது. மனம் அடங்குகிறது என்று நாம் உணர்வதில் பாதி உடம்பு செய்யும் வேலை. அதனால் அந்த அமைதி பொய்யாகிவிடாது. தியானத்தில் உட்கார்ந்து அரைமணி நேரம் போராடியும் அடங்காத பேச்சு, மூன்றாம் பாகத்தில் தானாக நின்றுபோவதை எத்தனையோ பேர் சொல்லக் கேட்கலாம். கடல் தன்னை ஏற்றுக்கொண்டதுபோல் இருந்தது என்பார்கள். நம்புகிறோம். ஆனால் பட்டி ஒரு கட்டி கூடினாலும் அதே உணர்வு ஆழம் குறைந்த இடத்திலேயே வரும். அப்போது இழுப்பது ஈயம். இரண்டையும் பிரித்தறியப் பட்டியைச் சரியாகக் கட்டுவது தவிர வேறு வழி கிடையாது.

மேலே ஏறும்போது நடப்பதையும் சொல்லியாக வேண்டும். ஆழத்தில் அழுத்தம் கூடியிருப்பதால் குறைந்த பிராணவாயுவும் உடம்புக்குப் போதுமானதாகத் தெரியும். ஏறும்போது அழுத்தம் பாதியாகும், கையிருப்பும் சட்டென்று பாதியாகும். நினைவு தப்புவது பெரும்பாலும் கடைசிப் பத்து மீற்றரிலும் தலை வெளியே வந்த பிறகும்தான். முன்னறிவிப்பு இல்லை, வலி இல்லை, நன்றாக இருந்தேன் என்றே நினைப்பு இருக்கும். பட்டி சரியாகக் கட்டியவர் அந்த இடத்தில் மிதப்பார், கைக்கு எட்டுவார். நாலு கட்டியும் கட்டியவர் தாழ்ந்துபோவார். ஒரே சம்பவம், முடிவு வேறு.

பட்டியின் தரத்துக்கு வருவோம். றப்பராக இருப்பது பெரிய நல்ல விசயம். நைலோன் பட்டி ஆழத்தில் வயிறு ஒடுங்கும்போது தளர்ந்து, தலைகீழாக இருக்கையில் நெஞ்சுக்கு வழுகிவரும். றப்பர் கூடவே சுருங்கும். இடுப்பெலும்பில், வயிற்றுக்கு மேலே ஏறாமல், இழுத்துக் கட்ட வேண்டும். வயிறு மூச்செடுக்கத் தடையின்றி இருக்க வேண்டும். கட்டிகளை முதுகுப்பக்கம் இரண்டும் பக்கவாட்டில் மீதியுமாகப் பிரித்துக் கோத்துவிடுங்கள். கொக்கிதான் ஏமாற்றம். காசு மிச்சம் பிடித்துப் பிளாஸ்ரிக் வைத்திருக்கிறார்கள். எங்கள் கரை மணல் அதன் நாக்கின் அடியில் போய் உட்கார்ந்தால் ஒரு இழுவையில் கழலாது. உருக்கு முள்ளும் துளையுமாக வரும் கொக்கியை தனியாக வாங்கி மாற்றுவது நல்லது. மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் கரையில் நின்று கண்ணை மூடிக்கொண்டு வலது கையால் பத்துத் தரம், இடது கையால் பத்துத் தரம் கழற்றிப் பழகுங்கள். கூட வருகிறவருக்கும் உங்கள் கொக்கி எந்தப் பக்கம் திறக்கிறது என்று கை அறிய வேண்டும்.

ஈயத்துக்கு மேலே பூச்சு இல்லை. தொட்ட கையோடு சாப்பிட வேண்டாம், பிள்ளைகள் விளையாடக் கொடுக்க வேண்டாம். கூடுதல் கட்டிக்காகப் பழைய பற்றரி ஈயத்தை வீட்டடுப்பில் உருக்கி வார்ப்பதும் நடக்கிறது. அந்தப் புகை நரம்பையும் பிள்ளைகளின் மூளையையும் கெடுக்கும்.

முகமூடி இந்தச் செற்றில் மிகச் சிறந்த சாமான். முகத்தோடு ஒட்டிய சிறு உள்ளிடம், மென்மையான சிலிக்கன் ஓரம், விரலால் பிடிக்கக்கூடிய மூக்குப் பை. உள்ளிடம் சிறிதாக இருப்பதன் அருமை கீழே போனால்தான் தெரியும். ஆழம் கூடக்கூட உள்ளே இருக்கும் காற்றும் சுருங்கி, கண்ணாடி கண்ணை உறிஞ்சும். மூக்கால் கொஞ்சம் காற்றை உள்ளே விட்டால் சரியாகிவிடும். பெரிய முகமூடியென்றால் அதற்குக் கூடுதல் மூச்சு செலவாகும். குளத்தில் போடும் நீச்சல் கண்ணாடியில் மூக்கு வெளியே இருப்பதால் காற்று விட வழியில்லை. இரண்டு பாகத்திலேயே வெள்ளைவிழியில் இரத்தம் கட்டும். முகம் முழுவதையும் மூடி மேலே குழாய் வைத்த புது மாதிரியும் கடைகளில் வருகிறது. மேற்பரப்பில் மிதந்து பார்க்க மட்டும்தான் அது. அதைப் போட்டுக்கொண்டு மூக்கைப் பிடிக்க முடியாது, காது சமப்படாது. அதோடு கீழே போவது ஆபத்து.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை குறைவு. வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உறிஞ்சினால் கை விட்டும் விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். மீசைக்காரருக்கு மூக்கடியில் தண்ணீர் கசியும். அந்த இடத்தில் விரற்கடை அகலத்துக்கு மழிப்பதுபோல வேறொன்றும் வேலை செய்வதில்லை. புதுக் கண்ணாடியில் தொழிற்சாலைப் படலம் இருக்கும். வெள்ளைப் பற்பசையை உள்ளே பூசி விரலால் தேய்த்துக் கழுவுங்கள், மூன்று தரம். அதைச் செய்யாவிட்டால் எவ்வளவு துப்பினாலும் பனி பிடிக்கும். செய்தபின் இறங்கும் முன் கொஞ்சம் எச்சில் பூசி அலசினால் காணும்.

காதைப் பற்றி முகமூடியோடு சேர்த்தே சொல்லலாம், மூக்குப் பை இருப்பதே அதற்காகத்தான். மூக்கைப் பிடித்து, நாக்கின் பின்புறத்தை மேலண்ணத்தோடு அழுத்தி வாயிலுள்ள காற்றைக் காதுப்பக்கம் தள்ள வேண்டும். நெஞ்சை இறுக்கி ஊதுவது தலைகீழாக இருக்கையில் வேலை செய்யாது. வலி வந்தபின் அல்ல, வருமுன், ஒவ்வொரு அரைப் பாகத்துக்கும் செய்யுங்கள். ஒரு தரம் தவறினால் திரும்பி வாருங்கள். முண்டினால் செவிப்பறை கிழியும். தடிமன் பிடித்தவர், காதில் சீழ் வடிகிறவர் அன்றைக்கு இறங்கக் கூடாது. மூக்கடைப்பு மாத்திரை போட்டு இறங்குகிறவருக்கு, கீழே இருக்கும்போது மருந்தின் வேகம் குறைந்துவிட்டால், ஏறும்போது காதிலுள்ள காற்று வெளியேறும் வழி அடைபடும்.

மூச்சுக்குழாய் வேண்டாத அலங்காரம். மேலே தண்ணீர் தடுக்கும் மூடி, கீழே வடிகட்டும் வால்வு, நடுவே நெளியும் குழல். வளைந்த ஒரு வெறும் குழாய் இதைவிட மேல், விலையும் குறைவு. எந்தக் குழாயாக இருந்தாலும் இறங்குமுன் வாயிலிருந்து எடுத்துவிட வேண்டும். நினைவு தப்பினால் வாயில் இருக்கும் குழாய் தண்ணீருக்குத் திறந்த வாசல்.

கால்துடுப்பின் தகடு பிளாஸ்ரிக். தொடங்குகிறவருக்கு அந்த மென்மை நல்லது, தொடை களைக்காது. பாதப் பைதான் சிக்கல். செருப்பிலும் வெறுங்காலிலும் நடந்து விரல் விரிந்த எங்கள் பாதத்துக்கு அந்த வார்ப்பு ஒடுக்கம். ஒரு அளவு பெரிதாக எடுத்து, உள்ளே மெல்லிய நியோபிரீன் காலுறை போடுங்கள். இறுக்கமாக இருந்தால் பாதத்தில் குரக்குவலி பிடிக்கும், அதுவும் ஏறுகிற வழியில். அடி இடுப்பிலிருந்து வர வேண்டும். சைக்கிள் மிதிப்பதுபோல முழங்கால் மடங்கினால் தண்ணீர்தான் கலங்கும், உடம்பு நகராது. கரையிலிருந்து போட்டுக்கொண்டு நடக்க வேண்டாம். முல்லைத்தீவில் அலை உடைக்கும் வரம்பு செங்குத்தாகத் தாழ்வதால் இடுப்பளவு தண்ணீரில் பின்னோக்கி நடந்து போய்ப் போடுவதே வழி. காலை இழுத்து இழுத்து வையுங்கள், மணலில் திருக்கை படுத்திருந்தால் விலகிவிடும்.

மிதவையும் கயிறும்தான் இந்தச் செற்றில் தோற்ற இடம். மிதவை காற்றடைத்த பந்து. களைத்தவர் பிடித்தால் உருளும், இரண்டு பேர் தொங்க முடியாது. கயிறு செருப்பு வார் அளவு மெல்லிசு, நனைந்தால் கையை அறுக்கும். இரண்டையும் வைத்துவிட்டு இதைச் செய்யுங்கள். லொறி ரயரின் உள் ரியூப் ஒன்றைக் காற்றடைத்து, உரப்பையைக் கிழித்து மேலே சுற்றித் தைத்துவிடுங்கள். வால்வு நுனி உடம்பைக் கீறாமல் துணி சுற்றுங்கள். பத்துப் பன்னிரண்டு மில்லிமீற்றர் தடிப்பில் இழுத்தால் நீளாத கயிறு பத்துப் பாகம் வாங்கி, ஒவ்வொரு பாகத்திலும் ஒரு துணிக்கந்தல் முடியுங்கள். ஐந்தாம் பாகத்தில் சிவப்பு. அடியில் ஏழெட்டுக் கிலோ பாரம். மேலே ஒரு தடியில் கொடி, இயந்திரப் படகுக்காரர் தூரத்திலேயே காணும் உயரத்தில். இறங்குவதும் ஏறுவதும் இந்தக் கயிற்றோரமாக மட்டும். கடலில் ஆழத்தைக் கண்ணால் மட்டுக்கட்டினால் எப்போதும் பிழையாகும். கந்தலை எண்ணினால் பிழையாகாது.

அந்தக் கயிற்றின் மேல்நுனியில் ஒரு ஆள் இருக்க வேண்டும். ஒருவர் கீழே, ஒருவர் மேலே, மாறி மாறி. இருவரும் ஒன்றாக இறங்கினால் மேலே யாருமில்லை என்றுதான் பொருள். மேலே இருப்பவர் குழாயால் மூச்செடுத்தபடி முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துப் பார்த்திருப்பார். மற்றவர் ஏறிவரும் கடைசி மூன்று பாகத்துக்கு எதிரே போய், கூடவே ஏறி, மேலே வந்த பின்னும் முப்பது விநாடி கண்ணெடுக்காமல் பார்ப்பார். வந்தவர் மூச்சை முழுதாக வெளியே கொட்டாமல், கொஞ்சம் விட்டு, சடாரென்று இழுத்து, ஒரு விநாடி நிறுத்தி, மறுபடி அப்படியே மூன்று நாலு தரம் எடுக்க வேண்டும். கண்ணைப் பார்த்து 'சரி' என்று கைகாட்டும் வரை வேலை முடியவில்லை.

நினைவு தப்பினால்: முகத்தை உடனே தண்ணீருக்கு மேலே தூக்குங்கள், பட்டியைக் கழற்றி விடுங்கள், முகமூடியை எடுங்கள். கண்ணைச் சுற்றி ஊதி, கன்னத்தில் தட்டி, பெயர் சொல்லி 'மூச்செடு' என்று உரக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் இதிலேயே மூச்சு திரும்பும். பத்து விநாடிக்குள் திரும்பாவிட்டால் தாடையைத் தூக்கி மூக்கைப் பிடித்து இரண்டு மூச்சு ஊதிக் கரைக்குக் கொண்டுவாருங்கள். எழும்பி உட்கார்ந்து சிரித்தாலும் அன்றைக்கு மறுபடி இறக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும், தண்ணீர் போன நுரையீரல் பிறகுதான் காட்டிக்கொடுக்கும். அம்புலன்ஸ் 1990. அளம்பிலில் இருந்து மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்கு எந்த வாகனம் என்பதை இறங்க முன்னமே முடிவு செய்து வையுங்கள்.

தென்கொரியாவின் ஜேஜு தீவில் மூச்சடக்கிக் குளிக்கும் பெண்களின் மரபை 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். அவர்கள் மேலே வந்ததும் விடும் மூச்சு சீட்டிபோல ஒலிக்கும். கூட்டமாகத்தான் கடலுக்குப் போவார்கள். 1976இல் நூறு மீற்றரைத் தாண்டிய முதல் மனிதர் ஜாக் மயோல் யோகமும் தியானமும் பயின்று இறங்கியவர். அவருக்கும் வழிக்கயிறும் காவல் சுழியோடிகளும் இருந்தார்கள். தனிமையைத் தேடிப் போகிறவர்களுக்கு இந்தக் காவல் இடைஞ்சலாகப் படலாம். எங்கள் எண்ணம் அதற்கு நேர்மாறு. மேலே தனக்காக மூச்செடுத்துக்கொண்டு ஒருவர் காத்திருக்கிறார் என்று தெரிந்தால்தான் உடம்பு உண்மையில் தளர்ந்து கொடுக்கிறது. தனியே இறங்கியவரின் மனதில் ஒரு மூலை எந்நேரமும் விழித்திருந்து கணக்குப் பார்க்கும். ஒப்புக்கொடுக்க வேண்டுமானால் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும்.

யோகப் பழக்கம் உள்ளவர்கள் ஒன்றைக் கவனமாகப் பிரிக்க வேண்டும். பூரகம், கும்பகம், ரேசகம் என்று எண்ணிச் செய்யும் பயிற்சி மூச்சை அறிய உதவும். வீட்டில் செய்யுங்கள். ஆனால் இறங்குமுன் கபாலபாதி போல வேகவேகமாக ஊதுவது கொலை வேலை. அது பிராணவாயுவைக் கூட்டுவதில்லை, கரியமிலவாயுவைக் குறைக்கிறது. மூச்செடு என்று உடம்பு கேட்பது கரியமிலவாயு கூடுவதால். அதைக் குறைத்துவிட்டால் கேட்காது, நினைவுதான் போகும். இறங்குமுன் இரண்டு நிமிடம் சாதாரணமாக, வயிற்றால், விடும் மூச்சு சற்று நீளமாக இருந்து, கடைசியில் ஒன்றை நிறைய எடுத்தால் போதும். அடியில் இருந்த நேரத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு மேலே இளைப்பாறுங்கள். முதல் இரண்டு கிழமைக்கு மூன்று பாகத்தைத் தாண்ட வேண்டாம்.

காலம் பார்த்து வெளிக்கிட வேண்டும். மன்னார்ப் பக்கம் தை கடைசியிலிருந்து சித்திரை வரை. பழைய முத்துக்குளிப்பும் அந்த மாதங்களில்தான் வைத்தார்கள். முல்லைத்தீவுப் பக்கம் சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும்போது இங்கே கரை தட்டையாகக் கிடக்கும், பார்க்க ஆசையாக இருக்கும். காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிப்பதால் மிதவையும் களைத்த ஆளும் சத்தமில்லாமல் வெளியே போய்க்கொண்டிருப்பார்கள். அதனால் காலையில், காற்று எழும்பு முன். நந்திக்கடல், நாயாறு களப்புகளின் முகத்துவாரத்தைக் கடலுக்கு வெட்டிவிட்ட நாட்களில் அதற்குப் பக்கத்தில் கலங்கலும் இழுவையும், இறங்கக் கூடாது. அறுந்து கிடக்கும் தங்கூசி (ஒற்றை நைலோன் இழை) வலை தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது, நீண்ட துடுப்பும் கொக்கியும் அதில் மாட்டும். பெட்டியில் கத்தி இல்லை. சிறியதொன்றை வாங்கிப் பட்டியின் முன்புறம், இரு கைக்கும் எட்டும்படி வையுங்கள். மணலில் பாதி புதைந்த இரும்பு எதுவாக இருந்தாலும் தொடாமல் இடத்தைக் குறித்துக்கொண்டு அறிவியுங்கள். என்ன இரும்பென்று இந்தக் கரையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

இந்தச் செற்றை யாருக்குப் பரிசாகக் கொடுக்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று. 2004 மார்கழி 26இலும் 2009 வைகாசியிலும் இந்தக் கடலோடு கணக்கு முடியாமல் நிற்கிற வீடுகள் இங்கே நிறைய. முகத்தைத் தண்ணீருக்குள் வைப்பது ஒருவருக்கு ஆறுதல், பக்கத்து வீட்டாருக்கு அது அந்த நாள். மூச்சை அடக்கும்போது நெஞ்சில் வரும் துடிப்பு பழைய பயத்தைக் கிளப்பிவிடும். அப்படியானவரை ஆழத்துக்கு அழைக்க வேண்டாம், வற்புறுத்தவே வேண்டாம். முகமூடியை மட்டும் கொடுத்து, முழங்கால் தண்ணீரில், பக்கத்தில் ஒருவர் கையைப் பிடித்தபடி, அடியில் மணல் அலைக்கு வரிவரியாக நகர்வதைப் பார்க்கச் சொல்லலாம். மணல் நகரும், சின்ன நண்டு ஒன்று ஓடி ஒளியும், வெளிச்சம் வலைபோல விழும். அவ்வளவோடு எழும்பிக் கரைக்கு வந்துவிட்டால் அதுவும் ஒரு முழுக் குளிப்புத்தான்.

வாங்கலாமா? முகமூடிக்கும் றப்பர் பட்டிக்குமாக வாங்கலாம். தனித்தனியே வாங்க வசதியிருந்தால் முகமூடி, வெறும் குழாய், உருக்குக் கொக்கிப் பட்டி, பாதத்துக்குப் பொருந்தும் துடுப்பு என்று எடுத்து, மிதவையையும் கயிற்றையும் ஊரில் செய்துகொள்வதே மேல். இரண்டு பேர் பங்குபோட்டு ஒரு செற் வாங்குவதில் குறையில்லை, ஒருவர் இறங்கும்போது மற்றவர் மேலே நிற்கத்தானே போகிறார். முகமூடியும் குழாயும் மட்டும் ஆளுக்கொன்று வேண்டும்.

வந்தபின் எல்லாவற்றையும் கிணற்றுத் தண்ணீரில் ஊறவைத்து, கொக்கியின் நாக்கைத் திறந்து மூடி மணலை வெளியேற்றி, நிழலில் காயவிடுங்கள். தகரக் கூரையில் போட்டால் றப்பர் துளையோரங்களில் வெடிக்கும். அடுத்த முறை கட்டுமுன் பட்டியை இழுத்து, ஒவ்வொரு துளையையும் வெளிச்சத்தில் பாருங்கள். துடுப்பைக் குதிக்காலில் நிறுத்தாமல் கிடையாக வையுங்கள். கயிற்றைச் சுருட்டும்போது கந்தல் முடிச்சுகளை ஒவ்வொன்றாகக் கையால் தொட்டு எண்ணுங்கள், ஒன்று அவிழ்ந்திருந்தால் அன்றைக்கே முடிந்துவிடுங்கள்.